பவுனம்மாளின் பப்பாளி மரம்

பவுனம்மா,

என் மகனுக்குப் பெண் பேசக் கிள்ளானுக்குப் போகிறோம். சோறு அடுப்படியில் இருக்கிறது. சாவி தண்ணீர்ப் பானைக்குப் பின்னால்.

கொல்லையில் பப்பாளி மரத்தைத் தேடாதே. நீ கோயிலுக்குப் போனதும் ஆள் வைத்து வெட்டிவிட்டேன். தினம் பழம் தின்றால் கைவெடிப்பு ஆறும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் சொன்னதாகச் சொன்னாய். ஆறியது. கூடவே முகமும் மினுங்குகிறது. “அண்ணே, ஒங்க தங்கச்சிக்கு அம்பது வயசுன்னா யாரு நம்புவா?” என்று நாகையா கடையில் சிரிக்கிறார்கள். தாலியறுத்தவளுக்குக் கை வெடித்தால் குடும்பத்துக்கு இழுக்கில்லை. முகம் மினுங்கினால் இழுக்கு.

அண்ணன்
சபாபதி

பி.கு. பழுத்திருந்த ஒன்றைப் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் உன் வயதுதான். ஆனால் புருஷன் இருக்கிறான்.