பத்தாவது ஆள்

பேத்திகள் கேரம் போர்டில் வெள்ளைப் பவுடரைக் கொட்டிக் கையால் பரப்பினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆடும்போது கால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று நீயும் அப்படித்தான் தரையெங்கும் பவுடர் தூவுவாய்.

வாய் திறந்து உன்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. நமக்கு ஒரே வயது. ஆனாலும் ஆயாவின் மகள், வெள்ளைக்கார ரத்தம் கலந்த சட்டைக்காரர் வீட்டுப் பெண்ணை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட வேண்டும். இப்போது காகிதத்தில் நீ என்றே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் எதையும் மறந்தவள் இல்லை.

எட்டு வயதிலேயே பெங்களூர் போட்டிகளில் ஜோடி நடனம் ஆடிக் கோப்பை வாங்கினவள் நீ. நமக்குப் பன்னிரண்டு வயதானபோது, கூட ஆடிய உன் மாமன் மகன் குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிப் போய்விட்டான். இரண்டு நாள் சோறு தொடாமல் கிடந்தாய். மூன்றாம் நாள், சாணி அள்ளிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாய்.

“முனி, இனிமே நீதான் ஆம்பள. கையத் தூக்கு.”

“ஐயோ மிஸ்ஸி, கையெல்லாம் சாணி!”

“கழுவிட்டு வாடி எரும!”

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன குதிரை லாயம் ஒன்று நம் ஊர் மத்திகிரியில் காலியாகக் கிடந்தது. அங்கே இரண்டு வருஷம் ஆடினோம். மூத்திரம் வடியட்டும் என்று லாயத்துத் தரையைக் கால்வாய்ப் பக்கம் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். சறுக்காமல் இருக்க மேட்டுப் பக்கமே காலை அழுத்தி வைத்துப் பழகினோம். அது பழக்கமாகிப் போனது நம் இருவருக்கும் தெரியவில்லை.

பதினான்கு வயதில் பெரிய போட்டிக்குப் போனாய். பெங்களூர்ப் பையன் ஒருவன் ஜோடி. நான் உன் செருப்புப் பையைச் சுமந்துகொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். கண்ணாடி மாதிரி சமதரை. உன் கால் மட்டும் இல்லாத மேட்டைத் தேடி ஒரு பக்கமாகவே இழுத்தது. சுற்றிச் சுற்றிப் போய் நாற்காலிகள்மேல் இருவரும் விழுந்தீர்கள். சபையே சிரித்தது.

வெளியே வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னாய்: “எல்லாம் இவளாலதான் மம்மி. இவ தப்பாப் புடிச்சுப் புடிச்சு என்னைக் கெடுத்துட்டா.” என் அம்மா அங்கேயே என்னை அறைந்தாள். அந்த அறை இன்னும் காதில் கேட்கிறது.

பிறகு உன் அப்பா இறந்தார். உன் அம்மா சீமைக்குப் போனாள். நீ போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒரு புண்ணாக்கு வியாபாரியின் பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து நடன வகுப்பு தொடங்கினாய். ஒரு மூலையில் திரை கட்டி அங்கேயே குடியும் இருந்தாய். முதல் நாள் ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். தோற்றது என்னால் இல்லை என்பது உனக்குத் தெரிந்துதானே தண்ணீர் ஊற்றினாய்? ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். “துடைச்சிடு முனி” என்றாய்.

இருந்தும் கல்யாணமான பிறகும் வந்தேன். ஆண் பிள்ளைகள் குறைந்த வகுப்பு. வருகிற பெண்களுக்கெல்லாம் நான்தான் ஆம்பளை. வந்தவர்களோ ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள். கடைசியில் எட்டுப் பேர்தான் மிச்சம்.

வியாபாரி வந்து நின்றான். “பத்துப் பேராவது ஆடற எடம்னு சொல்லித்தான கொறஞ்ச வாடகைக்கு வாங்குனீங்க? சனிக்கிழம வந்து எண்ணுவேன். ஒரு தல கொறஞ்சாலும் காலி பண்ணச் சொல்லிப் புண்ணாக்கு மூட்டய எறக்கிருவேன்.”

எட்டுப் பேர், நீ ஒன்பது, நான் பத்து. அந்த இடம் போனால் உனக்குப் படுக்கப் பாயும் இல்லை. வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு ஓடிவந்தாய்.

“நாளைக்கு மட்டும் வந்துடுடி.”

“வர்றேங்க. பெங்களூர்ல தோத்தது யாராலன்னு மட்டும் சொல்லுங்க.”

“சீ! இப்ப எதுக்குடி அந்தப் பழங்கத?”

நான் போகவில்லை. கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலு ஜோடி ஆட, நீ மட்டும் யாரும் இல்லாத இடத்தில் கையை வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றினாயாம். அவன் விரல்விட்டு எண்ணிச் சிரித்தானாம். திங்கட்கிழமை மூட்டைகள் இறங்கின.

பஸ் ஏறுமுன் ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வாசலுக்கு வந்தாய்.

“முனி, அந்த லாயத்துத் தரதான்டி சாய்வு. உம்மேல தப்பே இல்ல. அன்னிக்கே சொல்லிருக்கணும்.”

நீயே கேட்டாய்:

“சனிக்கிழம உன் வீட்டுக்காரரு விடலையா?”

“ஆமாங்க மிஸ்ஸி.”

“தெரியும்டி. இல்லாட்டி நீ வராம இருப்பியா?” என்று என் கன்னத்தைத் தொட்டாய்.

பெங்களூரில் யார் வீட்டிலோ குழந்தை பார்த்துக்கொண்டு இருந்தாய் என்றும், இரண்டு மழைக்காலத்துக்குள் நெஞ்சுச்சளியில் போய்விட்டாய் என்றும் பால்காரர் வந்து சொன்னார். அதுவரைக்கும் என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே இருந்தாயாம், முனியை அடைத்துப் போட்ட பாவி என்று.

மிஸ்ஸி, அந்தச் சனிக்கிழமை அவர் ஊரிலேயே இல்லை. மாடு பிடிக்கக் கல்லாவிச் சந்தைக்குப் போயிருந்தார். வாசற்கதவு திறந்துதான் கிடந்தது.