பென் டிரைவில் ஏறிய பாடம்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவுக்குக் கிளம்பும் அவசரத்திலும் கதிர்வேல் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மனைவிக்கு எழுத உட்கார்ந்தான். கல்லூரியில் நிலவியல் நடத்தும் தனப்பிரியா முந்தாநாளிலிருந்து அவனோடு பேசவில்லை.

“பிரியா, சாவி மீட்டர் பொட்டி மேல இருக்குது. ரசம் மட்டும் சுட வெச்சுக்க. காட்டுக்குள்ள டவர் கெடைக்காதுன்னு சினிமா ஏத்த உன்ற லேப்டாப்ப எடுத்தேன், கோவிச்சுக்காத. நீ எடுத்த ஆன்லைன் கிளாஸ் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணப் பாத்தவன், அத்தனையும் எறக்கி பென் டிரைவுல ஏத்திட்டேன். எடம் பத்தலீன்னு சினிமாவ அழிச்சுட்டேன்.

பாறை வெடிப்புல மழைத்தண்ணி எறங்கி, காலங்காலமா அங்கயே நிக்குதுன்னு நீ சொல்லச் சொல்ல மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. நான் போர் போடறப்ப மூஞ்சில பீச்சறது எங்க பாட்டன் பொறக்கறதுக்கு முன்ன பேஞ்ச மழையா சாமி?”

பேனா அங்கே நின்றது. வீட்டு வாசலில் அவன் போர் போட்டபோது அடிக்கு அடி வந்த கல்பொடியை அவள் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்து வைத்திருந்தாள். வீடியோவில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “இது எங்க வீட்டுக்காரர் எடுத்துத் தந்தது” என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பொடியைத்தான் முந்தாநாள் அவன், “அடுப்படியில எதுக்கு இந்தக் குப்பை?” என்று கத்திக்கொண்டே சாக்கடையில் கொட்டியிருந்தான்.

தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினான்: “எங்க போர் போட்டாலும் கல்பொடிய அடிக்கு அடி தனித்தனியாப் பொட்டலம் கட்டிக் கொண்டாரேன். பாட்டிலையெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்.”