ஒரே சீட்டில் இரண்டு பெயர்

ஆகஸ்ட் 24, 2025. ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் சிவானந்தம் அண்ணன் வந்து நின்றார். செதில் ஒட்டிய கையோடு கதவைத் திறந்தேன். அவர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்தமுறை குணரத்தினத்துக்கு எதிரா நான் தலைவருக்குக் கேக்கிறன். உபதலைவருக்கு நீங்கதான் நிக்கவேணும்."

எங்கள் தமிழ் ஒன்றியத்தில் தலைவரும் உபதலைவரும் சோடியாகத்தான் நிற்க வேண்டும். வோட்டுச் சீட்டில் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கும். ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்கும் போட்டதுதான். முன்பு தலைவர் ஒரு பக்கம், உபதலைவர் ஒரு பக்கம் என்று வந்து, ஒரே பொங்கலை இரண்டு மண்டபத்தில் இரண்டு தரம் பொங்கினார்கள். அதற்குப் பிறகு கொண்டுவந்த விதி இது.

பத்தொன்பது வருட ஒன்றியம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்து எங்கள் ஆள் ஒருவர்கூட இதுவரை மேடையில் இருந்ததில்லை. கதிரை அடுக்கியிருக்கிறோம். பாத்திரம் கழுவியிருக்கிறோம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்-பிசார் தீவில் பிள்ளைகளின் வீடுகளில் அடைந்து கிடக்கிற எங்கள் வயதானவர்களை ஏற்றி இறக்கக் கிழமைக்கு ஒரு நாள் ஒரு வான். "முதல் வேலை அதுதான்" என்றார்.

அவர் போனபின் பேனாட் கேட்டார், "ஏன் உன்ன?"

"ஏன், எனக்கு என்ன குறை?"

"குறை இல்ல. அதான் கேக்கன்."

இருபத்தெட்டு வருடமாக இந்த மனிதர் இப்படித்தான், அரை வசனம் பேசிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

அருமைநாதன் ஐயாவைப் பார்க்கப் போனேன். எழுபத்தொன்பது வயது. திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர், மனைவி தவறி நாலு வருடம், இப்போது இல்-பிசாரில் மகள் வீட்டில். மகளும் நல்லவள், மருமகனும் நல்லவர். நல்லவர்கள் இருவரும் ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பஸ் எப்போதோ ஒன்று வரும். கோடையில் ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகிற பாதைப் படகையாவது பார்த்துக்கொண்டு நிற்பாராம். பனி விழுந்தால் அதுவும் இல்லை.

"புள்ள, போன மாரிக்கு நான் நாலு தரம்தான் வாசலத் தாண்டினன். ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு."

வான் விஷயத்தைச் சொன்னேன். உடனே எழும்பிப் போய்க் கொப்பி எடுத்துவந்து, அவரே பெயர்களை எழுதினார். பதினொரு பேர். முதல் பெயர் அவருடையது, அடியில் கோடும் போட்டார்.

செப்டம்பர் 13, சனி

துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது. அவருடைய முகம் உள்ளங்கை அளவு. என்னுடையது முத்திரை அளவு. சரி, தலைவர் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். வான் எங்கே?

அவருடைய மகள் கஜந்திதான் அதைச் செய்தவள். "அன்ரி, இடம் காணேல்ல" என்றாள். தகப்பன் பூப்பந்தில் வாங்கிய கிண்ணங்களுக்கு ஐந்து வரி இடம் கண்டிருக்கிறது.

அண்ணனிடம் கேட்டேன். "வாயால சொல்லுவம், எழுத்தில வேண்டாம் தங்கச்சி. கர்க்லாண்ட் ஆக்கள் வீட்டுக்கு மூண்டு கார் வச்சிருக்கினம். எங்கட காசில ஏன் அவைக்கு மட்டும் வான் எண்டு கேப்பினம்."

கேட்டால் பதில் சொல்லத்தானே தலைவர்? வாய்க்குள் வந்தது, விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

இதுவரை பதினான்கு வீடு. பதினான்கும் எங்கள் ஆட்களின் வீடு. எங்கள் ஆட்களிடம் வாட்ஸப்பில் வோட்டுக் கேட்க முடியாது. வாசலுக்கு வர வேண்டும், இருக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், பேரப்பிள்ளையின் பல் முளைத்த கதையையும் கேட்க வேண்டும். எல்லாம் செய்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வி.

"அவர நம்பலாமா அக்கா?"

"நான் பொறுப்பு."

பதினான்கு தரம் சொல்லியிருக்கிறேன், நான் பொறுப்பு என்று.

அவருடைய ஆட்கள் இருக்கிற கர்க்லாண்ட் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. "நீங்க வேலையால களைச்சு வருவீங்கள், நான் தனியப் போறன்" என்கிறார். முதியோர் இல்லத்தில் எட்டு மணித்தியாலம் ஆட்களைத் தூக்கி இறக்குகிறவள் நான். எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு அதே களைப்போடுதானே போனேன்?

செப்டம்பர் 23, செவ்வாய்

இடுப்பு வலி. பேனாட் தைலம் தேய்த்துவிட்டார்.

அக்டோபர் 4, சனி

கிளி வந்துபோனாள். வாழைச்சேனைக்காரி. ஓடருக்கு ரோல்ஸ், பற்றிஸ் செய்து கொடுப்பவள். வந்த நேரம் தொடக்கம் ஜக்கெற்றின் சிப்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். "சொல்லு கா" என்றேன்.

நேற்றுக் கர்க்லாண்டில் ஒரு வீட்டுக்கு எண்பது ரோல்ஸ் கொண்டுபோயிருக்கிறாள். முன் ஹோலில் இருபது பேர் வரை, நடுவில் அண்ணன். இவள் குசினியில். கதவு திறந்து கிடந்திருக்கிறது. யாரோ கேட்டார்களாம், "நாளைக்கு உமக்கு ஒண்டு நடந்தா, உந்த மனுசியோ எங்களுக்குத் தலைவர்?"

அவர் சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "எனக்கு ஒண்டும் நடவாது. உபதலைவர் எண்டா மேடையில ஒரு கதிரை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து வோட்டு வேணும், அதுக்குத்தான். வெண்டாப் பிறகு அவவை ஆர் கேக்கப் போகினம்?"

எல்லோரும் சிரித்தார்களாம்.

"நான் தட்ட வச்சிட்டு வந்துட்டன் கா. ஒண்டும் சொல்லல்ல. சொல்லியிருக்கணும்" என்று கிளி அழுதாள். நான் அழவில்லை. அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

என்ட வீட்டுக்குள்ள வந்தா தங்கச்சி. அங்க போனா உந்த மனுசி. கறிவேப்பிலை என்று ஆட்கள் சொல்வார்கள். கறிவேப்பிலையாவது கறிக்குள்ள போகுமே — நான் எதுக்குள்ள போனன்? பதினாலு வீடு. பதினாலு வீட்டிலயும் என்ட வாயால...

அக்டோபர் 5, ஞாயிறு

ரெலிபோனில் கேட்டேன். இல்லையென்று சொல்வார், சண்டை பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் இல்லையென்றே சொல்லவில்லை.

"தேர்தல் எண்டா ஒவ்வொரு வீட்டில ஒவ்வொரு மாதிரித்தான் கதைக்கிறது. நீங்க என்ன சின்னப்பிள்ளையே?"

"வான்?"

"முதல் வெல்லுவம்."

பேனாட் "விலகு" என்றார். நான் விலகினால் சோடியே செல்லாது. குணரத்தினம் போட்டியில்லாமல் வந்துவிடுவார். பிறகு, "பொம்பிளைய நம்பி நிண்டார், நடுவழியில விட்டிட்டாள்" என்று சொல்வார்கள். அருமைநாதன் ஐயாவின் கொப்பியில் பதினொரு பெயரும் அப்படியே கிடக்கும்.

விலகவில்லை. நான் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அக்டோபர் 18, சனி

நாளைக்குத் தேர்தல். கர்க்லாண்டில் தேவாலயத்தின் கீழ்மண்டபம், ஒன்பது முதல் ஒரு மணி வரை.

இல்-பிசார் என் பொறுப்பு. பதினொரு பேருக்கும் போன கிழமையே சொல்லிவிட்டேன், ஞாயிறு பத்து மணிக்கு வாசலுக்குக் கார் வரும் என்று. நாலு பேர் காரோடு ஆயத்தம். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று நான் இன்றைக்கு அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாலு போன்.

காலையில் எடுக்கப்போனேன். பேந்து எடுப்பம் என்று திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன். மத்தியானம் அவர்களில் ஒருவரே எடுத்தார். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்குச் சிவானந்தம். இனி அண்ணன் இல்லை, வெறும் சிவானந்தம். "இல்-பிசார் பக்கம் ஒழுங்குதானே?"

"ஓம்" என்றேன்.

அந்தப் பக்கத்து வோட்டு. வேணுமென்டா அவரே போய் ஏத்தட்டும்.

போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மறந்துபோனேன் என்று ஊருக்குச் சொல்லலாம். இந்தக் கொப்பிக்குச் சொல்ல முடியாது. மறக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

குணரத்தினம் 148. சிவானந்தம் 140.

எட்டு.

எனக்கு நானே வோட்டுப் போட்டேன். நீலச் சேலை உடுத்தி, வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். பதினொரு மணிக்குச் சிவானந்தம் கிட்ட வந்து, "எங்க உங்கட ஆக்கள்?" என்றார். "வருவினம்" என்றேன், அவருடைய பாஷையிலேயே.

வீட்டுக்கு வந்து போனைப் போட்டேன். அருமைநாதன் ஐயா ஆறு தரம் எடுத்திருக்கிறார். கடைசியாக எடுத்தது பன்னிரண்டே முக்காலுக்கு.

அக்டோபர் 21, செவ்வாய்

வாட்ஸப் குழுவில் இரண்டு நாளாக நான்தான் சாப்பாடு.

"பிழையான சோடி." "உபதலைவருக்கு அன்ரனைப் போட்டிருந்தா வெண்டிருக்கலாம்." "தன்ர ஆக்களையே கூட்டிவரத் தெரியாதவ எங்களுக்கு உபதலைவரோ?" ஒருவர், அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது, நான் பொட்டு வைக்காததால் ஐம்பது வோட்டுப் போனதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்.

கடைசியில் சிவானந்தம்: "என் தெரிவு பிழைத்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்." அதன் கீழ் வரிசையாகக் கைகூப்பிய படங்கள். கிளியும் ஒன்று போட்டிருக்கிறாள். பழக்கதோசம்.

அவர்கள் சொல்கிற காரணம் ஒன்றுகூடச் சரியில்லை. என்னால்தான் தோற்றது என்பது மட்டும் சரி. இதற்கு எந்த முகத்தோடு பதில் எழுதுவது? குழுவிலிருந்து விலகினேன். தேர்தலுக்கு முன் விலகச் சொன்னார் பேனாட்.

அக்டோபர் 24, வெள்ளி

பேனாட்டிடம் கார் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து இருந்தார்.

"மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனம் பிழைக்கணும். செரி. ஆனா போனது உன்ட மூக்கு இல்லையே."

முதல் தடவையாக முழு வசனம் பேசியிருக்கிறார். பேசாமல் இருந்திருக்கலாம்.

நவம்பர் 8, சனி

இல்-பிசார் பாலம்வரை போனேன். விளக்குக் கம்பங்களில் நகரசபைத் தேர்தலின் முகங்கள் இன்னும் ஒன்றிரண்டு தொங்குகின்றன, வென்றவர் யார் தோற்றவர் யார் என்று பார்த்தால் தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

குணரத்தினத்தின் புதிய சபை இந்த வருடத் திட்டங்களை அறிவித்திருக்கிறது. கலைவிழா, பூப்பந்து, சுற்றுலா. வான் இல்லை. அவரிடம் யார் கேட்டார்கள், இருப்பதற்கு?

நவம்பர் 29, சனி

பனி. இன்று பாலத்தைத் தாண்டிவிட்டேன். இன்னது சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஐயா, நான்தான் கார் அனுப்பவில்லை. வேண்டுமென்றுதான் அனுப்பவில்லை. இரண்டே வசனம்.

அருமைநாதன் ஐயா கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். "வா புள்ள" என்றார். மகள் கடைக்குப் போயிருந்தாள். அவரே தேத்தண்ணி போட்டு, தட்டில் இரண்டு பிஸ்கற் வைத்தார். நான் வாயைத் திறக்கமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"நீ வரமாட்டாய் என்டுதான் நினைச்சன். என்னில கோவமா இருப்பாய்."

"உங்களில எனக்கென்ன கோவம், ஐயா?"

"அண்டைக்கு நான் எட்டு மணிக்கே உடுத்திட்டன். பத்தாச்சு, பதினொன்றாச்சு. மத்தவங்க எனக்குத்தான் போன் எடுத்தவங்க. மகனோட போறம், மருமகளோட போறம் என்டாங்க. நான்தான் மறிச்சிப்போட்டன். 'பொறுங்க, கார் வரும், அக்னெஸ் சொன்னா சொன்னதுதான்' என்டு. என்ட மகளும் மேலதான் படுத்திருந்தா, நானும் எழுப்பல்ல. காருக்கு என்ன நடந்ததோ, பாவம். பனியும் இல்ல அண்டைக்கு."

பிஸ்கற்றை எடுத்தார், கடிக்கவில்லை.

"எட்டு வோட்டாமே. நாங்க பதினொரு பேர். நான்தான் புள்ள உன்னத் தோக்கடிச்சன்."

ஒரு மாதத்துக்கு மேல் இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். பாடமாக்கிய இரண்டு வசனமும் எனக்குத் தெரியும். சொன்னால் என் பாரம் குறையும். அவருக்கோ, நம்பிய ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும். இல்லை, இதுவும் சாட்டுத்தான். பயத்தில்தான் சொல்லவில்லை.

"அப்பிடி இல்ல ஐயா" என்று மட்டும் சொன்னேன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

ஜக்கெற் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருவரை ஏற்றினோம். தமிழ்க் கடைக்குப் போனோம். ஐயா முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிப் பார்த்து, ஒரு மணித்தியாலம் எடுத்துக்கொண்டார். வரும்போது மூவரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வாசலில் இறக்கிவிட்டு, "வாற சனி பத்து மணிக்கு வாறன்" என்றேன்.

"ஓம் புள்ள" என்றார். ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னார்.