நடுவில் இல்லாத பாலம்

மே 12, திங்கள்
காலையிலேயே வெயில். கேம்ப் ரோட்டில் பஸ் ஏறுவதற்குள் சுடிதார் நனைந்துவிட்டது. மூளை ஆய்வகத்தில் கோடை ஆராய்ச்சிப் பயிற்சி, இரண்டாம் வாரம். மூளைக்குள் எந்தப் பகுதி எதோடு இணைந்திருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. பாதிதான் புரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்கள் வேண்டுமாம். நானும் ஸ்கேனில் படுத்தேன். உள்ளே அப்பாவின் திருமுடிவாக்கம் பட்டறை மாதிரி சத்தம். தூங்கிவிட்டேன்.

மே 14, புதன்
பி.எச்டி. செய்யும் ஜெபா அண்ணா: "உன் ஸ்கேன்லயே பழகிக்கோ."
இடது மூளையையும் வலது மூளையையும் சேர்க்கும் பெரிய நரம்புக் கற்றை, நடுவில் பாலம் போல் வர வேண்டும். மற்றவர்கள் படத்தில் வருகிறது. என்னுடையதில் இல்லை. திரும்பப் போட்டேன். இல்லை.
"அண்ணா, சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது."
வந்து பார்த்தார். வேறு கோணத்தில் பார்த்தார். "நீ போய் டீ சாப்ட்டு வா."
நான் டீ குடிப்பதில்லை. அவருக்குத் தெரியும்.

மே 15, வியாழன்
ஆய்வகத்தை நடத்தும் மேடம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "சாஃப்ட்வேர் சரிதாம்மா. பிறவியிலேயே உனக்கு அந்தப் பாலம் உருவாகல. பயப்படாதே. ஆனா ஒரு நியூரோ டாக்டரைப் பார்த்துடணும்."
தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்? மதியம் தயிர்சாதம், மாவடு. பஸ்ஸில் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்ததில் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.
அம்மா: "எதுக்குடி போய்ப் படுத்த? சும்மா இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது."
அடுப்பை அணைத்தாள். "ஷூ லேஸ் கட்ட வரலன்னு எவ்ளோ திட்டியிருக்கேன் உன்னை." அழுதாள். நான்தான் தேற்றினேன். எனக்கு அழுகை வரவில்லை. அதுவும் இதனால்தானா?

மே 17, சனி
தூறல். டாக்டர் நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலைத் தொட்டார் என்று சொல்ல வேண்டும். சிலது தப்பு. வலிப்பு? வந்ததில்லை.
"மருந்தெல்லாம் வேணாம். எப்பவும் போல இரு."
அம்மா விடவில்லை. "அப்போ எப்படி டாக்டர் பிளஸ் டூ பாஸ் பண்ணா?"
"மூளை வேற வழி பார்த்துக்கிட்டிருக்கும்மா. எந்த வழின்னு எனக்குத் தெரியாது."
மாலை அம்மா சித்தியிடம் போனில்: "தானே ரோடு போட்டுக்கிச்சாம்டி!" பெருமையா, பயமா, புரியவில்லை.

மே 19, திங்கள்
ஒப்பிடும் ஆட்களிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். இருந்தாலும் ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிய மாதிரி. "இதைத் தனி ஆராய்ச்சியா பண்ணலாம். வேணாம்னா அழிச்சிடுவோம், உன் இஷ்டம்," என்றார் மேடம். நாளை சொல்கிறேன் என்றேன். ஜெபா அண்ணா நோயாளியிடம் பேசுவது போல் மெதுவாகப் பேசுகிறார். எரிச்சல்.

மே 20, செவ்வாய்
"பண்ணலாம் மேடம். ஆனா நான்தான் வரைவேன்."
"பார்க்கக் கஷ்டமா இருந்தா?"
"இப்பவே கஷ்டமாத்தான் இருக்கு மேடம்."
சரி என்றார், ஜெபா கூட இருக்கணும் என்ற நிபந்தனையோடு.
மதியம் வரை தேடல். நடுவைத் தாண்ட வேண்டிய இழைகள் தாண்டாமல் பின்பக்கம் திரும்பி ஓடுகின்றன. கீழே மட்டும் மெல்லிய ஒன்று, மறுபக்கம் போகிறது! ஜெபா அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"இது நிஜக் கற்றை இல்ல. படத்துல வர்ற கோளாறு."
"நிஜம்தான் அண்ணா."
"எப்படிச் சொல்ற?"
"என் தலை அது!"
"உன் தலையா இருந்தா இன்னா? தப்பு தப்புதான். நிரூபிச்சுக் காட்டு."
இந்த முறை அவர் மெதுவாகப் பேசவில்லை.