வியாழக்கிழமைப் பக்கங்கள்

இன்று காலை நாளிதழோடு வந்த இணைப்பில், விண்வெளியைத் தொழிலாக்கிய முன்னோடிகள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். கோட்டு அணிந்த ஆண்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர் முதலில் என்ன செய்தார் என்று இரண்டு வரி. படித்ததும் உன் நினைவு வந்தது. அந்தப் பக்கத்தில் உன் பெயர் வருவதற்கில்லை, தெரியும். ஆனால் உன்னிடம் சொல்லாமலே விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மெர்டேக்கா முடிந்து, நாடு சுதந்திரம் அடைந்து, மூன்று நான்கு வருஷம் இருக்கும். நாம் இருவரும் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர்கள். நீ ரப்பர் வெட்டும் கித்தாத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த மண்டோரின் மகள், நான் மூவாரிலிருந்து வந்தவள். காஜா பெராங்கில், தலைமுறைகளாகத் தமிழ் மறந்து மலாய் பேசும் ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் சேர்ந்து குடியிருந்தோம். காலையில் ஆளுக்கொரு சைக்கிள்.

வெளிநாட்டு அழைப்பு அப்போதெல்லாம் சிங்கப்பூர் வரைக்கும் கம்பியில் போகும், அங்கிருந்து லண்டனுக்கு வானொலி அலையில். அலை எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், லண்டனில் அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த மகனோடு பேச மூன்று நாள் காத்திருந்தார். லைன் கிடைத்ததும், "வாப்பா பேசுறேன், கேக்குதா?" என்றார். பிறகு வெறும் இரைச்சல்தான். அவர் விடாமல் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டியவள் நீ. உன்னால் சொல்ல முடியவில்லை. மகன் பிழைத்துக்கொண்டான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நீ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அந்த மாதமே ஓர் ஆங்கிலப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாய். அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம், தொலைபேசிக்காகவே வானத்தில் ஒரு செயற்கைக்கோளை விடப்போகிறதாம்.

"கம்பெனிக்காரன் காசு போட்டு விடுறான்டி. அப்படின்னா அது விளையாட்டுக்கு இல்ல, வியாபாரத்துக்கு. கண்டிப்பா நம்ம வரைக்கும் வரும்," என்றாய்.

தமிழ் தெரியாத நம் வீட்டுக்கார அம்மா, என்ன கூத்து என்று மலாயில் கேட்டார். நீ விளக்கியதும், அது தன் கூரையில் விழுந்தால் ஓடு மாற்றித் தருவது யார் என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று மாலையே அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாய். எங்கள் ஊரிலிருந்து பேச்சு எந்த நேரத்தில் அறுந்துபோகிறது என்று குறித்து அனுப்பினால் உங்களுக்குப் பயன்படுமா என்று.

பதில் வரும்வரை நீ காத்திருக்கவில்லை. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினாய். அழைப்பு வந்த நேரம், குரல் மங்கிய நேரம், இரைச்சலா எதிரொலியா, அவ்வளவுதான். யார் பேசினார், என்ன பேசினார் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. வியாழக்கிழமை உனக்கு ஓய்வு நாள். அன்று மட்டும் நான் எழுதினேன். எட்டு மாதம் இப்படி ஓடியது.

யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். நிலையத்து விவரங்களை ஓர் ஆப்பரேட்டர் அந்நியருக்குக் கொடுக்கிறாள் என்று. செமாபோக்கிலிருந்து வரும் நம் சூப்பர்வைசர் முதலில் உன்னைக் கூப்பிட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போனாய். அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"இதுல உனக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

"எனக்குத் தெரியாது சார்," என்றேன்.

நோட்டு அவர் மேசைமேல்தான் இருந்தது. பிரித்தால் என் எழுத்து. பிரிக்கப் போகிறார் என்றே நின்றேன். அவர் பிரிக்காமல், "சரி, போ," என்றார். அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ரகசியம் எதுவும் இல்லை என்று நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். நீ அதை அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, சிங்கப்பூருக்கு பஸ் ஏறினாய்.

நிறுவனத்தின் பதில் காஜா பெராங் முகவரிக்கே வந்தது. உனக்கு அனுப்பும் முன் நான் பிரித்துப் படித்தேன். குறிப்புகள் மிகவும் உதவியாக இருந்தன, நன்றி என்று ஒரு பொறியாளர் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஒரு கேள்வி: வியாழக்கிழமைகள் மட்டும் இல்லையே, அன்று உங்கள் நிலையத்துக்கு விடுமுறையா?

அப்போதுதான் புரிந்தது. சிங்கப்பூருக்கு வந்து உன்னைக் கேட்டேன்.

"முதல் நாளே ஆள் வந்து சொல்லிட்டாங்கடி, விசாரணை இருக்குன்னு. உன் பக்கத்தையெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். வேற என்ன செய்யச் சொல்ற?" என்றாய், ஏதோ துணி காயப்போட்டதைப் போல.

பிறகு நீ நன்றாகவே இருந்தாய். ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, செயற்கைக்கோள் வழியாகப் பேசும் தொலைபேசியைக் கப்பல் கம்பெனிகளுக்கு விற்றாய். ஒவ்வொரு துறைமுக அலுவலகமாக ஏறி இறங்கி, "நடுக்கடல்ல இருக்கறவனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கே," என்று சொல்லியே விற்றாய். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய கதையை நீதான் எடுப்பாய். "சாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமயே போச்சே!" என்று கை தட்டிச் சிரிப்பாய்.

தெரியும்.

உன்னைப் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மறுநாளே நான் சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. பேனாவ நீ அப்படி அழுத்தி எழுதுற ஆளு. கிழிச்ச பக்கம் போனாலும் அடுத்த பக்கத்துல உன் எழுத்து பதிஞ்சிருந்துச்சு. மேல ஒரு பேரு கேட்டாங்க, ஒரு பேரு குடுத்தேன். அவளக் காப்பாத்த என்னால முடியல. உன்னையாவது விட்டுவைப்போம்னு பார்த்தேன்."

"அவகிட்ட சொல்லட்டுமா சார்?"

"அவ செஞ்சது பலிச்சுதுன்னு அவ நம்பட்டும். அதையும் ஏன் பிடுங்கணும்?"

அதனால்தான் நீ சிரித்தபோதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் விளக்கு எரிந்து ஒவ்வொரு அழைப்பையும் எடுக்கும்போது, இந்த இடம் நீயும் சாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே எனக்கு விட்டுக்கொடுத்தது என்ற நினைப்பு கூடவே இருந்தது. இன்று சாரும் இல்லை. நீங்கள் இருவரும் செய்தது தெரிந்தவளாக மிஞ்சியிருப்பவள் நான் மட்டும்தான்.