சிவப்புக் கோட்டைத் தொடாத வளையம்

பிப்ரவரி 8

இன்றும் சைக்கிள் கடைக்குப் போனோம். இன்றும் வாங்கவில்லை. கடைக்காரர் எங்களைக் கண்டதும் இரண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விடுகிறார். நாங்கள் வாங்க வந்தவர்கள் என்ற நம்பிக்கை அவருக்கு எப்போதோ போய்விட்டது.

ஒரு மலைச் சைக்கிளுக்குள் இத்தனை கேள்விகள் இருக்கும் என்று யார் கண்டது! குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் முன்னால் மட்டும் போதுமா, பின்னாலும் வேண்டுமா? சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லைத் தாண்டிப் போகுமாம், சிறிதாக இருந்தால் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்குமாம். டயரில் காற்று குறைவாக இருந்தால்தான் கரட்டுப் பாதையில் பிடிப்பு அதிகமாம். இதை நான் நம்பவே இல்லை. சின்ன வயதிலிருந்து கல்லு மாதிரி காற்றடித்துத்தானே ஓட்டினோம்? அவர் ஒரு டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். அமுங்கியது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மச்சானுக்கு ஒரே கேள்விதான். "இதுல எது மாமா என்னைத் தாங்கும்?"

வீட்டுக்கு வந்ததும் அவன் அக்கா கேட்டாள்: "என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலையே?" நான் கை கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 15

வாங்கிவிட்டோம்! இரண்டும் ஒரே மாதிரி, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். என்னுடையது சாம்பல் நிறம், மச்சானுடையது பச்சை. ஹெல்மெட், கையுறை, பஞ்சர் சாமான், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குத் தனியாக ஒரு குட்டி பம்ப்.

ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்கே இல்லை, வெறும் காற்றுதான். ஓட்டுகிறவர் எடைக்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். எந்த எடைக்கு எவ்வளவு என்று ஃபோர்க்கின் காலிலேயே அட்டவணை ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் எடை கேட்டார். நான் பட்டென்று சொல்லிவிட்டேன். மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்து முணுமுணுத்தான். "ஏன்டா, பேங்க் பாஸ்வேர்டா?" என்றேன். "அதைக்கூட உங்ககிட்ட சொல்லிடுவேன் மாமா." கடைக்காரர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் காற்றடித்தார். பெரிய மனிதர்.

பாவம், பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குப் பூசணி என்றுதான் பெயர். அவன் செல்போன் ரிப்பேர் கடைக்கு வழி கேட்டால்கூடத் தெருவில் "பூசணி கடையா?" என்பார்கள்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த ரப்பர் வளையம். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் மோதிரம் போட்டதுபோல் இருக்கிறது. அதை அடிவரை தள்ளிவிட்டு ஆள் ஏறி உட்கார வேண்டும். ஃபோர்க் அமுங்கும்போது வளையத்தை மேலே தள்ளும். மெல்ல இறங்கினால் வளையம் மட்டும் ஏறின இடத்திலேயே நிற்கும். கால்வாசி உயரத்தில் நின்றால் காற்று சரி. எடை கூடினால் வளையம் ஏறும், குறைந்தால் ஏறாது, அவ்வளவுதான். நாள் முழுக்க ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டைகளை மெஷினில் நசுக்கி எண் குறிக்கிற எனக்கு இந்த எளிமையைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஒரு ஐஸ் குச்சியில் கால்வாசி உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு அளவுகோல் செய்துகொண்டேன். "அதுக்கு என் நெயில் பாலிஷ்தான் கிடைச்சுதா?" என்றாள் அவன் அக்கா. கிடைத்தது.

பிப்ரவரி 22

பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் குன்று. ஏறும்போது நுரையீரல் வாய்க்கு வந்தது. இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, பின்னால் சாய்ந்து, ஒரே விரலால் பிரேக் பிடித்து... எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். பார்த்ததில் ஒன்றுகூட உடம்புக்குத் தெரியவில்லை. மச்சான் ஒரு புதருக்குள் போய், உள்ளே இருந்தபடியே சிரித்தான். எனக்கும் முழங்காலில் சிராய்ப்பு. இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்துகொண்டிருந்தேன்?

மார்ச் 22

மச்சான் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறான். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று காட்டுகிறானாம். எனக்கு அரைக் கிலோகூடக் குறையவில்லை. அதே மலை, அதே மேடு. எல்லாம் அவனவன் உடம்பு வாகு.

ஏப்ரல் 5

விசித்திரம். மச்சான் சைக்கிளில் வளையம் சிவப்புக் கோட்டுக்கு வரவில்லை, கீழேயே நின்றுவிட்டது. என்னுடையதில் சரியாகத் தொடுகிறது.

எங்கள் ஆய்வக மேலாளர் அம்மா அடிக்கடி சொல்வது: "எண் தப்பா வந்தா கட்டையைத் திட்டாதீங்க, முதல்ல மெஷினைப் பாருங்க." அதனால் ஃபோர்க்கைத்தான் பார்த்தேன். வெயில் ஏறுகிறது, உள்ளே காற்று விரிந்திருக்குமோ? கொஞ்சம் காற்றை இறக்கினேன். வளையம் கோட்டுக்கு வந்தது. திருப்தி.

ஏப்ரல் 26

மறுபடியும் ஏறவில்லை. மறுபடியும் இறக்கினேன்.

வெயில்தான் காரணம் என்றால் என் சைக்கிளிலும் இப்படித்தானே ஆக வேண்டும்? விடியற்காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை என் ஃபோர்க்கை அளந்து பார்த்தேன். குச்சிக்குத் தெரிகிற அளவுக்கு வித்தியாசமே இல்லை. அப்படியானால் அவன் ஃபோர்க்கில் ரப்பர் சீல் இறுகியிருக்குமோ? கடைக்காரரிடம் எடுத்துப்போனேன். பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, "ஒரு குறையும் இல்லையே சார்" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மச்சானிடம் புலம்பினால், "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம். ஃபோர்க்கை விடுங்க மாமா, மேட்டுல நீங்க ஏன் பின்னாடியே வர்றீங்க, அதைச் சொல்லுங்க" என்கிறான். திமிர்.

மே 10

சவாரி முடிந்து எங்கள் வீட்டில் மச்சான் ஒரு முழு பிரெட் பாக்கெட்டையும் ஆறு முட்டையையும் தீர்த்துவிட்டு, "வேற என்ன இருக்குக்கா?" என்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை நிற்கவில்லை.

அவன் அக்கா அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு, "அப்பாவுக்கும் முதல்ல சட்டைக் காலர்தான் தொளதொளன்னு ஆச்சு" என்றாள். மாமனார் இளைத்து இளைத்துத்தான் போனார். வயிற்றில் கட்டி.

"மலை ஏறினா இளைக்கத்தான் செய்வாங்க. நீ வேற!" என்றேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 24

கடையில் அவனைப் பார்த்தேன். போன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு சூடான சால்டரிங் முனையைப் புள்ளியில் வைக்கப் பார்க்கிறான், கை நடுங்குகிறது. "பாறையில இறங்கி இறங்கி ஹேண்டில் பிடிச்ச கை மாமா, இப்படித்தான் இருக்கும்." ஆமாம், எனக்கும் சவாரி முடிந்து கொஞ்ச நேரம் விரல் மரத்துத்தான் போகிறது. ஆனால் இன்று ஞாயிறு என்றாலும் நாங்கள் போகவில்லையே. போன வாரமும் மழை.

ஒரு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தான். அவன் அப்படிப்பட்ட ஆளே இல்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்து, வெட்கத்தோடு சொன்னான்: "ஒரு மாசமா ஒருத்தனும் என்னைப் பூசணின்னு கூப்பிடல மாமா. கவனிச்சீங்களா?"

மே 31

வளையம் ஏறவில்லை. காற்றை இறக்கினேன். இது எத்தனையாவது தடவை?

ஜூன் 7

முழங்கை தோல் உரிந்திருக்கிறது, எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

என் பின் பிரேக் சத்தம் போட்டதால் மச்சான் சைக்கிளை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அந்தப் படி மாதிரிப் பாறை, எப்போதும் இறங்குகிற இடம்தான். முன்சக்கரம் தரையைத் தொட்டதும் ஃபோர்க் அடிவரை போய் 'ணங்' என்று இடித்தது. நான் ஹேண்டிலுக்கு மேலே பறந்து மண்ணில் விழுந்தேன். மச்சான் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

ஒரு ஃபோர்க் ஏன் இப்படி இடிக்கும்? தண்ணீர் ஊற்றி முழங்கையைக் கழுவிக்கொண்டே பம்பை மாட்டிப் பார்த்தேன். காற்றளவு காட்டும் முள் எங்கேயோ கீழே கிடந்தது. அந்த எண்ணை அட்டவணையில் விரல் வைத்துத் தேடினேன். அதற்கு நேரே இருந்த எடை, அவன் அக்காவின் எடை. அவள் அவன் தோள் உயரம்கூட இல்லை.

யார் இவ்வளவு காற்றை இறக்கினது? நான்தானே. ஒவ்வொரு தடவையும் வளையம் கோட்டுக்கு வரட்டும்னு நான்தானே இறக்கினேன்! எண் பிடிக்கலைன்னு முள்ளைத் திருப்பி வைக்கிற வேலை. ஆய்வகத்துல எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா அவனை வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பேன். ஃபோர்க் ரெண்டு மாசமா கத்திக்கிட்டு இருந்திருக்கு, இவன் குறையறான், இவன் குறையறான்னு. மெஷின் சரிடா. கட்டையைப் பாருடா.

நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். அவன் பாறைமேல் உட்கார்ந்து மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். கன்னத்து எலும்பு தெரிந்தது. இவ்வளவு நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? வளையத்தை.

ஜூன் 8

ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், கான்கிரீட் கட்டைகளை நிறுக்கிற தராசில் நிற்கச் சொன்னேன். முதலில் விளையாட்டு என்று நினைத்து ஏறினான். "சைக்கிள் வாங்கினப்போ கடைக்காரர் காதுல என்ன சொன்னே?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. தராசிலிருந்து இறங்கிய பிறகுதான் சொன்னான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

"அதுக்கு என்ன இப்போ? குறையணும்னுதானே ஓட்டறேன்!"

"வாரத்துல ஒரு நாள் ஓட்டறோம்டா. மூணு ஆள் சாப்பாடு சாப்பிடறே. இது எப்படிக் குறையும்?"

"உங்களுக்குப் பொறாமை மாமா." கத்தினான். "முப்பத்தஞ்சு வருஷத்துல இப்போதான் கண்ணாடி முன்னாடி நிக்கறேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

நான் தராசை அணைத்தேன். பிறகு அவனே மெதுவாக, "அப்பா மாதிரியா?" என்று கேட்டான். ஆக, அவனுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கிறது. அக்காவுக்கும் இருந்தது. எனக்குத்தான் ஃபோர்க்.

ஜூன் 10

டாக்டர் அவனைக் கை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாடி பிடித்தார், புருவத்தைச் சுருக்கினார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். "இந்த ஓட்டம் ஓடுற இதயத்தோட மலையும் ஏறினீங்களா?" என்று என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

தாளை வைத்துப் பார்க்கிற அந்த உத்தி நன்றாக இருந்தது. எந்த நேரத்தில் எதை ரசிக்கிறேன் பார்!

ஜூன் 11

சோறு இறங்கவில்லை. அவளுக்கும்.

ஜூன் 12

தைராய்டு! கட்டி இல்லை. கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். பசி, வியர்வை, நடுக்கம், கோபம், இளைப்பு, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் காரணம். நாங்கள் எல்லாவற்றையும் சைக்கிள் கணக்கில் எழுதிவிட்டோம். மாத்திரையில் கட்டுப்படும், டாக்டர் சொல்லும்வரை சைக்கிளைத் தொடக்கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன், என்ன இப்போ.

மச்சான் கேட்ட ஒரே கேள்வி: "மாத்திரை சாப்பிட்டா பழையபடி எடை போடுவேனா டாக்டர்?" "போடணும். அதுக்குத்தான் மாத்திரை." தலையைக் குனிந்துகொண்டான்.

ஆகஸ்ட் 16

தனியாகப் போனேன். குன்று அப்படியேதான் இருக்கிறது. இறங்கும்போது புதருக்குள்ளிருந்து சிரிக்க ஆள் இல்லை. பாதியில் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 20

மச்சான் கை நடுங்காமல் சால்டரிங் வைக்கிறான். பெல்ட்டில் பழைய ஓட்டைக்குப் போய்விட்டான். கடையில் யாரோ "என்ன பூசணி, மறுபடி காய்ச்சிடுச்சா?" என்றானாம். அன்று மாத்திரையைச் சாப்பிடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டான். அவன் அக்கா போய், தண்ணீர் டம்ளரோடு எதிரே நின்றிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டான்.

நவம்பர் 15

டாக்டர் போன வாரம் அனுமதி கொடுத்துவிட்டார். காலையில் பச்சைச் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். வளையத்தை அடிவரை தள்ளினேன். மச்சான் ஏறி உட்கார்ந்தான். ஃபோர்க் உஸ்ஸென்று அமுங்கியது. அவன் இறங்கினதும் ஐஸ் குச்சியை வைத்துப் பார்த்தேன். வளையம் சிவப்புக் கோட்டைத் தாண்டி எங்கேயோ மேலே நின்றது. நான் இறக்கின காற்று இன்னும் அப்படியேதானே இருக்கிறது!

அவனும் குனிந்து பார்த்தான். "போச்சுடா. கோடு போதலையே மாமா." அவன் அக்கா கதவருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்தபடி.

பம்பை மாட்டிவிட்டு, அட்டவணையில் விரலை வைத்து, "எடை எவ்வளவு?" என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவன் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னான்.