எழுதிக் கொடுத்த சம்பளம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே கை நீட்ட வேண்டியதாகிவிட்டது. மாவு லாரியில் மூன்று மூட்டை குறைவு. "வழியில எலி தின்னிருக்கும் சார்" என்றான் டிரைவர். சாக்கோடு தின்னும் எலியா? கழுத்தைப் பிடித்து லாரிக் கதவில் ஒரே ஒரு இடி. கிளீனர் படுக்கும் இடத்திலிருந்து மூன்று மூட்டையும் இறங்கி வந்தன. வாய் அரை மணி நேரம் பேசுவதைக் கை அரை நிமிடத்தில் பேசிவிடும்.

சாயங்காலம் இரண்டு கையெழுத்து. ஒன்று மகளுக்கு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவி செய்கிறதாம். படிவத்தில் மூன்று கட்டம்: முழுக் கட்டணத் தள்ளுபடி, வட்டியில்லாக் கடன், கல்லூரிக்குள்ளேயே பகுதி நேர வேலை. முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். வரிக் கணக்கில் என் வருமானத்தைப் பார்த்தால் பியூனுக்கே கண்ணீர் வரும். அதையே நகலெடுத்து வைத்தேன். சும்மா கிடைப்பதை விடுகிறவன் எதற்குக் கடை வைக்க வேண்டும்?

இன்னொன்று ஒண்டிக்கு. சர்க்கரை மூட்டையைத் துணைக்கு ஆள் இல்லாமல் தூக்குவான், அதனால் அந்தப் பெயர். பதினாலு வருடமாக என் கிடங்கில் இருக்கிறான். அவன் மகளும் அதே கல்லூரி, அதே உதவி. சம்பளச் சான்று கேட்டான். கணக்குப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொண்டுவந்தார். பார்க்காமலே போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மகளுக்கு முழுத் தள்ளுபடி!

"நாம வாங்கலாமாங்க இதெல்லாம்?" என்றாள் வீட்டுக்காரி. "குடுக்கிறவன் குடுக்கிறான், உனக்கென்ன?" என்றேன். மகள் கடிதத்தில் 'வறிய குடும்பம்' என்று இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

இன்று கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

ஒண்டி ஒரு காகிதத்தோடு வந்தான். அவன் மகளுக்கு உதவி இல்லையாம், குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டதாம். வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்க, மற்ற மூன்று சுமைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டான்:

"நான் வாங்குறது பதினாறாயிரம். நீங்க முப்பத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மீதிப் பத்தொன்பது யார் வீட்டுக்குப் போவுது மொதலாளி?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான். விட்டேன் ஒரு அறை. உதடு கிழிந்தது. துடைக்கக்கூட இல்லை, போய் மூட்டை தூக்கினான்.

எனக்கு நானே மறைப்பானேன்? கூலியைப் புத்தகத்தில் ஏற்றி எழுதினால் லாபம் இறங்கும், லாபம் இறங்கினால் வரி இறங்கும். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை தொகையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு 'இங்க போடு' என்பார், நாலு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஊரில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் அதே கணக்கில் அவன் பணக்காரனாகி நான் ஏழையாகிவிடுவேன் என்று யார் கண்டது?

ஜூன் 20, வெள்ளி

இடது கையில் ஒன்பது தையல். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 21, சனி

நேற்று மதியம் மேசையில் இடது கையை ஊன்றி பில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே ஒண்டி வந்து நின்றான்.

"வேற எழுதிக் குடுங்க."

"எழுத முடியாதுடா, போ."

"கடைசியாக் கேக்குறேன்."

"என்னடா பண்ணுவ? உன் மக படிச்சு என்ன, என் கடைய வாங்கப் போறாளா?"

மூட்டைக் கொக்கி வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது, பலகையில் இறங்கின சத்தம். குனிந்து பார்த்தால் நடுவில் என் கை இருக்கிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் புகுந்து மரத்தில் நின்றது. பில் புத்தகம் முழுக்க ரத்தம். நான் மாடு மாதிரி கத்தினேன். பிடுங்கி எடுத்தவனும் அவனேதான். எடுத்துவிட்டு ஒரு சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து, "போலீஸக் கூப்பிடு" என்றான். பதினாலு வருடத்தில் முதல் தடவை ஒருமையில் பேசினான்.

கூப்பிடுவேனா? கூப்பிட்டால் 'ஏன் குத்தினாய்' என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் கேட்டபோது, "மூட்டை சரிஞ்சுது, கொக்கி பட்டுருச்சு" என்றேன். மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை ஆறட்டும், அவன் முட்டியை உடைக்காமல் விடமாட்டேன்.

இன்று காலை எட்டு மணிக்கு அவன் பாட்டுக்கு வந்து லோடு இறக்குகிறான்! விரட்டவும் வழியில்லை, வெளியே போனால் வாயைத் திறப்பான். என்ன ஜென்மமடா இது.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு பெண்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதை மறந்தே போனேன்.

மகள் சமையலறையில் வழிமறித்தாள். "அவ அப்பாவுக்கு நீங்க எவ்வளவு சம்பளம் தர்றீங்க?"

"கடை விஷயம் உனக்கெதுக்கு?"

"எவ்வளவு?"

அறைந்தேன். அலமாரியில் போய் மோதினாள், தட்டுகள் விழுந்து நொறுங்கின. வீட்டுக்காரி அலறினாள். மகள் அழவில்லை. எழுந்து வந்தாள். என் கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்து அழுத்தினாள்.

"எவ்வளவு?"

உயிர் போய் வந்தது. கட்டு சிவந்தது. உதறப் பார்த்தேன், விடவில்லை. அவள் கண்ணில் இருந்தது என் பார்வை. லாரி டிரைவரை நான் பார்த்த அதே பார்வை.

"பதினாறு! பதினாறு, விடுடி!"

விட்டாள். கை கழுவிக்கொண்டு போய்விட்டாள். தட்டுச் சில்லுகளை வீட்டுக்காரி பொறுக்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 26, வியாழன்

மகள் கல்லூரியின் உதவி அலுவலகத்துக்குப் போய்த் தன் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேட்காமல், சொல்லாமல். அந்த இடத்தை ஒண்டியின் மகளுக்குக் கொடுங்கள் என்றாளாம். சான்றில் முப்பத்தைந்து இருக்கும்வரை தள்ளுபடியும் இல்லை, கடனும் இல்லை, வேலையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் தவணை கட்டக் கடைசி நாள் முப்பது. கட்டாவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சீட்டே போய்விடும்.

இப்போது என் மகள் கட்டணமும் என் தலையில். நல்ல வியாபாரம்.

ஜூன் 27, வெள்ளி

ஒண்டியைக் கிடங்குக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினேன். என் வலது கையில் எடைக்கல், அவன் கையில் கொக்கி. அப்படித்தான் பேசினோம்.

"உன் பொண்ணு பீஸை நான் கட்டிடறேன். வாயை மூடிட்டு இரு."

"உன் தர்மம் யாருக்கு வேணும்? பதினாறுன்னு எழுதிக் குடு. இல்லியா, எழுதின முப்பத்தஞ்சைக் கையில குடு. மாசாமாசம்."

"கொன்னுடுவேன்டா."

"கொல்லு. நாளைக்கு அந்தச் சர்க்கரை லோடை யாரை வச்சு எறக்குவ?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அந்த நிலையிலும்! அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கடை லீவு. நாள் முழுக்க யோசனை. பதினாறு என்று எழுதினால் பதினாலு வருடப் புத்தகத்தையும் தோண்டுவார்கள், கடையே போகும். முப்பத்தைந்து கொடுத்தால் மாதாமாதம் ரத்தம் போகும், கடை நிற்கும். மனம் திருந்திச் செய்கிற காரியமில்லை இது. நிற்கிற வழியைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 30, திங்கள்

காலையில் முப்பத்தைந்து கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் நேராகக் கல்லூரிக்கு ஓடினான்.

ஆகஸ்ட் 30, சனி

இடது கைப் பெருவிரல் மடங்கவில்லை. இனி மடங்காது என்கிறார் டாக்டர். சாக்கு வாயை இழுத்துக் கட்ட முடியவில்லை. மகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காலையில் மட்டும் கேட்டாள்: "மருந்து போட்டீங்களா?" பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரத்தில் ஒண்டியின் மகள் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் சம்பளம். கணக்குப்பிள்ளை பழக்கதோஷத்தில் சீட்டை மறைத்துக்கொண்டு, "இங்க போடு" என்றார். ஒண்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, எடைக்கல்லை நகர்த்துவதுபோல ஓரமாக வைத்தான். படித்தான். போட்டான். போனான்.

அடுத்து மற்ற மூன்று சுமைக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவன் கையில் கொக்கி இருந்தது. வேலை முடிந்தால் சுவரில் மாட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் என் பெருவிரலைப் பார்த்தேன்.

இந்தத் தடவை அவரே சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.